சம்பந்தி வேஷம்

நாற்பது நாள் என் சொந்த வீட்டுக்குள் நான் விருந்தாளியாக நுழைந்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கேட்டுக்கு வெளியே போய் நிற்பேன். உள்ளே என் வீட்டுக்காரர் முத்துக்கருப்பன் சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பார். அவர் தொண்டையைச் செருமியதும் நான் கேட்டைத் திறந்து, "குட்டன் டாக்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வர வேண்டும். நான்தான் ஜெர்மனியிலிருந்து வரும் சம்பந்தி. பெயர் ரைனர். வயது அறுபத்து மூன்று. ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஆம்பளை.

சுருளிப்பட்டியில் எங்கள் தெரு மொத்தமும் இதை வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ஹேமாவதி தினமும் அந்த நேரத்துக்குத்தான் வாசல் தெளிப்பாள். "என்ன மதினி, இன்னைக்கும் உங்க வீட்டுக்கே விருந்தாடியா வந்திருக்கீக?" என்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு அதில் ஒரு காரியம் இருந்தது.

எங்களுக்கு ஒரே பையன், விஜய்பாண்டி. படித்தான், ஜெர்மனிக்குப் போனான், ஒரு கம்பெனியில் இன்ஜினியர் ஆனான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான். பக்கத்தில் ஒரு பெண். "அப்பா, அம்மா, இது லேனா. நாங்க கல்யாணம் பண்ணிக்கப் போறோம்" என்றான். அவளுக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஓர் ஆள், கையைத் தூக்கி வணக்கம் சொல்வதுபோல் ஆட்டினார். பெண்ணுடைய அப்பாவாம். என் வீட்டுக்காரர் இரண்டு நிமிஷம் பார்த்தார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவருக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். கத்தினால் நானும் பதிலுக்குக் கத்தி, அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். இவர் வாயை மூடிக்கொள்வார். மூடிய வாயோடு யார் சண்டை போடுவது?

கல்யாணம் அங்கேயே நடந்தது; இவர் கிளம்பாததால் நானும் போக முடியவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் பெற்றவர்கள் என்று நிற்க ஆள் இல்லை. நான் கொல்லையில், பாத்திரம் விளக்குகிற குழாயடியில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு போனில் பார்த்தேன். நடுநடுவே படம் நின்று நின்று போனது. மோதிரம் மாற்றுகிற இடத்தில் சுத்தமாக நின்றுவிட்டது. என் பிள்ளை கல்யாணத்தை நான் அப்படிப் பார்த்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அதற்கு அப்புறம் பையன் கூப்பிட்டால் இவர் "ம்", "சரி", "அங்கன குளுரா?" என்பதோடு நிறுத்திக்கொண்டார். கல்யாணம் என்று ஒன்று நடந்ததாகவே பேச்சில் வராது. நான் குச்சனூருக்குப் போய் எத்தனை எள் தீபம் போட்டேன் என்று சனீஸ்வரனுக்குத்தான் தெரியும்.

போன ஐப்பசியில் பையன் என்னிடம் சொன்னான். தை மாதம் அவனும் லேனாவும் வருகிறார்கள், கூட அவளுடைய அப்பாவும் வருகிறார். நான் இரண்டு நாள் மென்று முழுங்கி, மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னேன். இவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "வரட்டும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். வந்தவர்கள் முன்னாலும் இப்படியே வாயைப் பூட்டிக்கொண்டு நின்றால் என் மானம் என்ன ஆவது என்று எனக்குத் தூக்கம் போனது.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் சாயங்காலம், "ஏ புள்ள, கேட்டுக்கு வெளிய போயி நின்னுட்டு உள்ள வா" என்றார்.

"எதுக்கு?"

"சம்பந்தி வர்றாகள்ல. வந்தா வாங்கன்னு சொல்லிப் பழகணும்."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. திராட்சை நோய்க்கு மருந்து சொல்கிற வீடியோவுக்கு நடுவில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. பாஷை பேசிப் பழகுகிற ஆப். அதை இறக்கிவிட்டார். ஒரு மாதமாகத் திராட்சைப் பந்தலுக்குள் அதிகப்படிக் குலைகளைக் கழிக்கும்போதெல்லாம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜெர்மன் பேசியிருக்கிறார். அதற்குள் கிளாரா என்று ஒரு பெண்குரல். நாம் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லும், ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும், தப்பாகச் சொன்னால் திருத்தும். டாக்டராக இரு என்றால் டாக்டராகப் பேசும், கடைக்காரியாக இரு என்றால் கடைக்காரியாகப் பேசும். இவர் சம்பந்தியாக இருக்கச் சொல்லியிருக்கிறார். பேச்சு எல்லாம் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அதற்கு உடம்பு கிடையாதே. கேட்டைத் திறந்துகொண்டு நடந்து வர ஓர் ஆள் வேண்டும். அதற்கு நான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தேகமும் வந்தது. "போன்ல தமிழ்ல சொன்னா அதுவே ஜெர்மன்ல சொல்லிருமாம்ல. பையன் வேற கூட இருப்பான். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "வாங்கன்னு சொல்றதுக்குக் கூலிக்கு ஆள் வைப்பாகளா?"

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு உள்ள கனம் எனக்குத் தெரியும். நாங்கள் இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அல்லிநகரத்திலிருந்து என் அண்ணன் பலவேசம் சீர்த்தட்டோடு வந்தது. நான் வாங்க என்றேன், மாமியார் வாங்க என்றார், தெருவே வாங்க என்றது. இவர் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைவிட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை என்று அண்ணன் தட்டை வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டது. பதினோரு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. ஊரே கூடி ஆயிரம் தடவை சொன்னாலும் அது கணக்கில் வராது. வீட்டுக்கு உடையவன் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

ஆக, இவர் வாய் திறக்கப் போகிறார். அது புரிந்ததும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

எனக்குக் கிளாரா சொல்லிக்கொடுத்தது விருந்தாளி பேச வேண்டிய பேச்சு. "குட்டன் டாக். ஃபீலன் டாங்க் ஃப்யூர் டீ ஐன்லாடுங்." வணக்கம், அழைத்ததுக்கு ரொம்ப நன்றி என்று அர்த்தம். அதற்கு அவர், "ஹெர்ட்ஸ்லிக் வில்கொம்மன். கொம்மன் ஸீ பிட்ட ஹெரைன்" என்று கும்பிட வேண்டும். வாங்க வாங்க, உள்ளே வாங்க. எனக்கு நாலு நாளில் வாயில் ஏறிவிட்டது. அவருக்கு இருபது நாள் ஆனது. "ஹெர்ட்ஸ்லிக்" என்கிற இடத்தில் மீன்முள் மாட்டியது மாதிரி ஒரு சத்தம் வரும். கிளாரா சலிக்கவே மாட்டாள். "மிக நன்று. இன்னும் ஒருமுறை முயலுங்கள்" என்று டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி சொல்லுவாள். நானாக இருந்தால் மூன்றாம் தடவையே கரண்டியை எடுத்திருப்பேன்.

சாப்பாட்டு இடத்தில்தான் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. நான் சம்பந்தியாக, "நைன், டாங்க" என்று சொன்னேன். வேண்டாம், நன்றி. இவர் உடனே, "இல்ல இல்ல, கட்டாயம் சாப்பிடணும்ங்கிறத எப்படிச் சொல்லணும்?" என்று போனைக் கேட்டார்.

"ஜெர்மனியில் ஒருவர் வேண்டாம் என்றால் பொதுவாக உண்மையிலேயே வேண்டாம் என்று பொருள். மீண்டும் வற்புறுத்தத் தேவையில்லை" என்றாள் கிளாரா.

"அது எப்படித் தாயி? மொத தடவ வேணாம்னுதான் சொல்லுவாக. மூணு தடவ கேட்டாத்தான் உண்மை தெரியும்."

"உங்கள் பண்பாடு சுவையானது. ஆனால் விருந்தினர் சங்கடப்படலாம்."

"வயிறு காய்ஞ்சு போனா சங்கடப்பட மாட்டாகளா? நீ சொல்லிக்குடு."

கிளாரா சொல்லிக்கொடுத்தாள். வற்புறுத்துவதற்கு என்றே மூன்று வாக்கியம், ஒன்றைவிட ஒன்று நீளமாக. எந்தெந்தத் தடவைக்கு எது என்று இவர் மனப்பாடம் செய்தார். நான் தினமும் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லி, நாலாவதில் சரி என்று தலையை ஆட்டினேன். இவ்வளவு செய்தும் அந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. தமிழிலும் வரவில்லை, ஜெர்மனிலும் வரவில்லை.

தை பிறந்து ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்கு மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்து நின்றது. பையன் இறங்கினான், லேனா இறங்கினாள், கடைசியாக அந்த மனிதர் மடங்கி மடங்கி இறங்கி நிமிர்ந்தார். போனில் பார்த்தபோது இவ்வளவு உயரம் என்று தெரியவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் கால் உள்ளே வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் முகத்தைக் கவிழ்த்து வைத்த ஆள் எதிரில் நிற்கிறான் அல்லவா?

என் வீட்டுக்காரர் புது வேட்டி, புதுச் சட்டை. கையைக் கூப்பினார். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

மறுபடி திறந்தார். மூடினார். நெற்றியில் வேர்த்துவிட்டது. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் முறைத்ததும் அடங்கினான். ஹேமாவதி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறாள். ரைனருடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குவது எனக்குத் தெரிந்தது. இன்னும் பத்து எண்ணுவதற்குள் அந்த மனிதர் மனம் விட்டுப்போய்விடும். நாற்பது நாள் பாடு, இரண்டு வருஷக் காத்திருப்பு எல்லாம் கேட்டடியில் நிற்கிறது.

நான் விறுவிறு என்று கேட்டுக்கு வெளியே போனேன். ரைனருக்குப் பக்கத்தில் போய், அவருடைய இடுப்பு உயரத்துக்கு நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "குட்டன் டாக். ஃபீலன் டாங்க் ஃப்யூர் டீ ஐன்லாடுங்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது. "ஹெர்ட்ஸ்லிக் வில்கொம்மன். கொம்மன் ஸீ பிட்ட ஹெரைன்" என்று எனக்குச் சொன்னார். சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கே ஒரு விநாடி கழித்துத்தான் விளங்கியது. உடனே ரைனர் பக்கம் திரும்பி, குனிந்து கும்பிட்டு, அதையே இன்னும் பலமாகச் சொன்னார். கடைசியில் தமிழிலும் ஒரு "வாங்க, வாங்க" சேர்த்துக்கொண்டார். ரைனர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெரிய சத்தமாகச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். லேனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாப்பாட்டில் என் வீட்டுக்காரருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. நாட்டுக்கோழிக் குழம்பை மறுபடி ஊற்றவா என்று ஜெர்மனில் கேட்டார். வேண்டாம் என்று வரும், மூன்று வாக்கியத்தையும் இறக்கிவிடலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ரைனர், "யா, கெர்ன" என்று இலையை முன்னால் தள்ளினார். ஆமாம், சந்தோஷமாக. மறுபடி கேட்டார், மறுபடி யா. ஐந்தாம் தடவையும் யா. பாவம், படித்தது வீணாகக் கூடாது என்று, வாய் நிறையச் சோற்றோடு இருந்தவரைப் பார்த்து மூன்று வாக்கியத்தையும் வரிசையாகச் சொல்லி முடித்தார். லேனா சிரித்துப் புரை ஏறித் தண்ணீர் குடித்தாள்.

வெயில் தாழ்ந்ததும் தோட்டத்துக்குப் போனோம். எங்கள் திராட்சைப் பந்தல் எங்கள் உயரத்துக்குப் போட்டது. ரைனர் பாதி மடங்கித்தான் நடந்தார். குலைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பந்தல் முடிகிற இடத்தில் வாய்க்கால் ஓரமாக என் வீட்டுக்காரர் நின்றார். செருமினார். அது எனக்குப் பழகின செருமல். ஆனால் அதற்கு அப்புறம் வந்தது நான் கேட்டுப் பழகாத வாக்கியம். "எஸ் டூட் மிர் லைட்" என்று ஆரம்பித்து, நெல் எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

ரைனர் காதைச் சாய்த்து, "வீ பிட்ட?" என்றார். விளங்கவில்லை.

இவர் மறுபடி சொன்னார். மறுபடி விளங்கவில்லை. மூன்றாம் தடவை, மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்துகிற தொண்டையில் கத்தினார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஈஸ்வரபாண்டி எட்டிப் பார்த்து, "என்னையவா கூப்பிட்டீக, அண்ணே?" என்றான்.

"என்னடா சொல்றாக?" என்று பையன் முழங்கையை இடித்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"மன்னிப்புக் கேக்குறாகம்மா. அன்னைக்குப் போனக் கவுத்தது தப்பு, கல்யாணத்துக்கு வராதது அதவிடத் தப்புன்னு."

இதை எங்களுக்கெல்லாம் தெரியாமல் கிளாராவிடம் தனியாகப் படித்திருக்கிறார். ரைனர் இவர் தோளில் கையைப் போட்டு நீளமாக ஏதோ சொன்னார். பையன் மொழிபெயர்த்தான். "அவருக்கும் மொதல்ல பிடிக்கலையாம். ஒரே பொண்ணு, இந்தியாக்காரனான்னு ஒரு மாசம் லேனாகூடப் பேசாம இருந்தாராம். அன்னைக்கு நீங்க போனக் கவுத்தப்ப, உலகத்துல தன்னை மாதிரி இன்னொருத்தனும் இருக்கான்னு அவருக்கு நிம்மதியா இருந்துச்சாம்."

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "ஏலே, அப்ப அவரும் நம்மாளுதான்டா" என்றார். இரண்டு பேரும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து ஒரே குலையிலிருந்து பிய்த்துப் பிய்த்துத் தின்றார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி நடக்க நடக்க எனக்குள் ஏதோ காந்த ஆரம்பித்தது. சம்பந்திக்கு மன்னிப்பு ஆகிவிட்டது, அதுவும் மூன்று தடவை. குழாயடியில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு?

விளக்கு வைத்ததும் கொல்லைப்பக்கம் வந்தார். பூரிப்பு தாங்கவில்லை. "எப்படிப் பேசினேன் புள்ள?"

"நல்லாப் பேசினீக. எனக்கு எப்ப?"

அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது. காலைப் பார்த்துக்கொண்டு, "எஸ் டூட் மிர்..." என்று ஆரம்பித்தார்.

"அந்தப் பாஷையில நான் சம்பந்தி. தமிழ்ல சொல்லுங்க, அதுலதான் நான் பொண்டாட்டி."

அவர் அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். ஊரான் பாஷையில் கத்தத் தெரிகிறது, தாய்ப் பாஷையில் முனகக்கூட வரவில்லை என்று பாத்திரத்தை எல்லாம் நங்கு நங்கென்று போட்டேன்.

மறுநாள் காலை எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் தண்ணீர் பாய்ச்சப் போய் ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்று காபியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு போனேன். மோட்டார் அறைக்குள் பேச்சுக் குரல் கேட்டது. மோட்டார் ஓடவில்லை. நான் சுவர் ஓரமாக நின்றுவிட்டேன்.

"இன்னைக்கு ஜெர்மன் வேணாம் தாயி. தமிழ்தான். நீ இப்ப என் பொண்டாட்டி. பேரு ராமுத்தாய். கொஞ்சம் கோவக்காரி. நான் பேசுறேன், நீ கேளு."

"சரி. நான் ராமுத்தாய். பேசுங்கள்" என்றாள் கிளாரா.

அவர் செருமுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல் வந்தது. முப்பது வருஷத்தில் நான் கேட்காத குரல். "ஏ புள்ள. அன்னைக்கு நீ குழாயடியில ஒக்காந்து போன்ல கல்யாணம் பாத்தீல்ல. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். படம் நின்னு போச்சுன்னு நீ போனத் தட்டித் தட்டிப் பாத்த. எந்திரிச்சு வந்து உன் பக்கத்துல ஒக்காந்திருக்கணும். எனக்குக் கால் வரல. வீம்பு. ஒரே பிள்ளை கல்யாணத்த உன்னையப் பாக்க விடாமப் பண்ணிட்டேன். தப்பு என்னோடதுதான்."

"நீங்கள் மனம் திறந்து மிக அழகாகச் சொன்னீர்கள். நான் உங்களை மன்னிக்கிறேன்" என்றாள் கிளாரா.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தூக்குச்சட்டியோடு உள்ளே போனேன். "அவ யாரு மன்னிக்கிறதுக்கு? கல்யாணத்தப் பாக்காதவ நானு."

அவர் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், மறுபடி வாய் பூட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். "தப்புத்தான் புள்ள" என்றார். படித்ததெல்லாம் மறந்துபோய், அது மட்டும்தான் வந்தது. ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னார்.

நான் உடனே மன்னிக்கவில்லை. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே நின்று ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தேன். மோதிரம் மாற்றுகிற இடத்தில் படம் நின்றதை இரண்டு தடவை சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், தலையை மட்டும் ஆட்டி ஆட்டிக் கேட்டார். நான் சொல்லி முடித்தபோது காபி ஆறியிருந்தது. அதை ஆளுக்குப் பாதியாகக் குடித்துவிட்டு மோட்டாரைப் போட்டோம்.